பழுதுபார்ப்பதும் கீழ்ப்படிதலே

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 12:4–15, மாற்கு 1:19–20



உங்களில் சிலருடைய வீட்டுப் பின்கட்டிலோ, கார் நிறுத்துமிடத்திலோ, தச்சுப்பட்டறையிலோ ஒரு பெரிய வேக்குவம் கிளீனர் இருக்கக்கூடும். மரத்தூளையும் சேற்றுநீரையும் ஒருங்கே உறிஞ்சும், அகன்ற வாளியின்மேல் மூடிபோல மோட்டார் அமர்ந்திருக்கும் அந்த வகையைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகள் உழைத்தபின் ஒருநாள் அது பொறி பறக்க, கருகிய நாற்றம் வீசி நின்றுவிடுகிறது. உடனே வீட்டில் எழும் வார்த்தை என்ன? "பழையது போகட்டும், கர்த்தர் புதியதைத் தருவார்." இரண்டொரு நாளில் புதிய பெட்டி வந்து இறங்குகிறது. பழையது தெருமுனைக் குப்பைத்தொட்டியின் அருகே போய்ச் சேருகிறது. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்படுகிறது.

இந்த வழக்கத்திற்கு விரோதமாகவே இந்த வாரம் எழுதுகிறேன். போதகர் மோட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், மோட்டார் என்பது பரிசுத்த ஆவியானவர், தூசி என்பது பாவம் என்று முடிப்பார் என நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் பேசுவதோ செம்புக் கம்பி சுற்றிய, கையில் எடுத்தால் கனக்கிற மோட்டாரைப் பற்றியே. நாம் காணும் பொருள்களையெல்லாம் உவமையாக்கிவிடுகிறோம். அதன்பின் அப்பொருளுக்கும், அதைச் செய்தவனுக்கும், அதை நாளை குப்பையிலிருந்து பொறுக்கப்போகிறவனுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

முதலாவது, அந்த இயந்திரத்தில் எது செத்தது என்று பாருங்கள். வாளி உடையவில்லை. குழாய் கிழியவில்லை. சக்கரங்கள் உருளுகின்றன. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் உள்ளது யுனிவர்சல் மோட்டார். அது ஒரு நிமிடத்திற்கு 20,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலும். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்துபவை இரண்டு சிறிய கார்பன் துண்டுகள். கார்பன் பிரஷ் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். அவை கம்யூட்டேட்டர் என்னும் செம்பு வளையத்தின்மேல் உரசி உரசித் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. தேய்ந்து சிறுத்தபின் தொடுகை தளர்ந்து பொறி பறக்கிறது. விரற்கடையளவுள்ள இரண்டு கரித்துண்டுகள் தேய்ந்ததற்காக முழு இயந்திரத்தையும் வீசி எறிகிறோம். மோட்டாரே எரிந்துபோயிருந்தாலும், அது சில திருகாணிகளால் பிணைக்கப்பட்ட ஒரு பாகந்தான், அதை மாற்றலாம்.

யோவாஸ் ராஜாவின் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்படி பணம் சேர்க்கச் சொல்லி ஆண்டுகள் சென்றன. அவனுடைய ஆட்சியின் 23ஆம் வருஷம்வரைக்கும் ஆசாரியர்கள் ஒரு விரிசலையும் அடைக்கவில்லை. ஆராதனை நடந்தது, காணிக்கை வந்தது, சுவரோ பிளந்தபடியே நின்றது. அப்பொழுது ராஜா யோய்தாவை அழைத்துக் கண்டித்தான். மூடியில் துவாரமிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தருகே வைக்கப்பட்டது. அதில் விழுந்த பணம் தச்சருக்கும் கொற்றருக்கும் கல்தச்சருக்கும் சென்றது. அந்தப் பணத்தில் புதிய வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை என்று வேதம் குறித்து வைத்திருக்கிறது. பழுதுபார்க்கவேண்டிய பணம் பளபளப்பான புதுப்பொருளுக்குப் போகலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? வேலைசெய்கிறவர்களுக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடத்தில் கணக்குக் கேட்கப்படவில்லை என்றும் வாசிக்கிறோம். கணக்குக் கேட்கத் தேவையில்லாத மனிதர் என்று அவ்விடத்தில் பெயர் பெற்றவர்கள் ஆசாரியர் அல்லர், பழுதுபார்க்கும் வேலையை நடத்தினவர்களே.

நம் ஆண்டவரைத் தச்சன் என்றே ஊரார் அறிந்திருந்தார்கள். செபதேயுவின் குமாரர் இருவரை அவர் அழைத்த வேளையில், அவர்கள் படவில் அமர்ந்து கிழிந்த வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். அவர் அந்த வேலையை இகழவில்லை. கிழிந்த வலையைக் கடலில் எறிந்துவிட்டுப் புதுவலை வாங்குகிறவனுக்கு மீன்பிடிக்கும் குடும்பங்களில் என்ன பெயர் கிடைக்கும் என்று கடற்கரை ஊர்களில் உள்ள நம் விசுவாசிகளைக் கேட்டுப்பாருங்கள்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"எல்லாம் புதிதாயின என்று வேதம் சொல்லுகிறதே" என்பீர்கள். அப்போஸ்தலன் அங்கே கிறிஸ்துவுக்குள் இருக்கிற மனுஷனைப் பற்றி எழுதுகிறான், கடைச்சரக்கைப் பற்றி அல்ல. அந்த மனுஷனையும் தேவன் எறிந்துவிட்டு வேறொருவனை வாங்கவில்லை. கெட்டுப்போனவனையே மீட்டுப் புதுப்பித்தார். கையில் கெட்டுப்போன களிமண்ணையே குயவன் மறுபடியும் வேறு பாண்டமாக வனைந்ததை எரேமியா கண்டான். ஐயாயிரம்பேர் திருப்தியாய்ப் புசித்தபின்னும், ஒன்றும் வீணாகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத்தைப் பெருகப்பண்ண வல்லவரே துணிக்கையை வீணாக்காதபோது, மாதத்தவணையில் வாங்குகிற நாம் எந்த அதிகாரத்தால் வீணாக்குகிறோம்?

"எனக்கு நேரம் இல்லை" என்பீர்கள். மோட்டாரை மாற்ற ஒரு பிற்பகல் போதும். புதியதைத் தேடி இணையதளங்களில் விலை ஒப்பிட்டுப் பார்க்கச் செலவிடும் இரவுகளைக் கூட்டிப்பாருங்கள்.

"அது ஆபத்தான வேலை" என்பீர்கள். இந்த ஆட்சேபணை நியாயமானது. வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி கட்டளையிட்ட வேதம், கவனக்குறைவால் சிந்தும் இரத்தத்திற்கும் நம்மிடம் கணக்குக் கேட்கும். ஆகையால் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். முதலில் பிளக், வயர், சுவிட்ச் மூன்றையும் சோதியுங்கள். மோட்டாரின்மேல் சுமத்தப்படும் குற்றம் சில நேரங்களில் அறுந்த ஒரு வயரினுடையது. பின்பு மூடியைத் திறந்து, எந்த வயர் எங்கே செல்லுகிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் மட்டும் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். விசிறியைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங் போயிற்று. செம்பு வளையம் குழிவிழுந்து கருகியிருந்தாலோ, காயில் எரிந்திருந்தாலோ மோட்டாரை மாற்றவேண்டும்.

மாற்றும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று உண்டு. தூசியை மட்டும் உறிஞ்சும் சாதாரண வீட்டு இயந்திரங்களில், உறிஞ்சிய காற்றே மோட்டாரின் ஊடாகச் சென்று அதைக் குளிர்விக்கும். நீரையும் உறிஞ்சும் இயந்திரத்திலோ, உறிஞ்சிய ஈரக்காற்று மோட்டாரின் சுருள்களைத் தொடாமல் விலகிச் செல்லும். குளிர்விப்பதற்குத் தனி விசிறி இருக்கும். இதற்குப் பைபாஸ் மோட்டார் என்று பெயர். விலை குறைவென்று முதல் வகையை வாங்கி இரண்டாவதில் பொருத்தினால், ஈரம் மின்சுருளுக்குள் புகும், உயிருக்கே ஆபத்து. கோடித்துணியைப் பழைய வஸ்திரத்தில் ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று சொன்ன ஆண்டவர், பொருந்தாத ஒட்டு எவ்வளவு கேடு செய்யும் என்பதை அறிந்தே பேசினார். ஆகவே பழைய மோட்டாரின் வோல்ட், வாட், விட்டம், உயரம், விசிறி அடுக்குகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரைச் சுற்றியுள்ள ரப்பர், ஸ்பாஞ்சு வளையங்களை மறக்காமல் பழைய இடத்தில் வையுங்கள். எர்த் வயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கைவராது என்று தோன்றினால், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். அவருக்குக் கூலி கொடுப்பதும் பழுதுபார்ப்பதே. அந்தக் கூலி ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கும்.

அந்த மோட்டார் ஏன் செத்தது என்றும் கேளுங்கள். கிழிந்த ஃபில்டரை மாற்றாமல் ஓட்டினீர்களா? நீர் நிறைந்ததும் மேலெழும்பி வாயை அடைக்கவேண்டிய மிதவை அழுக்கேறிச் சிக்கியிருந்ததா? காரணத்தைத் திருத்தாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால், புதிய மோட்டாரும் அதே சாவைச் சாகும்.

நாம் எறிவது எங்கே போகிறது? உலகம் 2022ஆம் ஆண்டில் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வேக்குவம் கிளீனர் போன்ற சிறு கருவிகளே. மிச்சம் எங்கே? டெல்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் கையுறையும் முகக்கவசமும் இல்லாத மனிதர் அதை உடைக்கிறார்கள். செம்பை எடுப்பதற்காகப் பிளாஸ்டிக் உறையோடு வயரைக் கொளுத்தும் இடங்களில், அந்த நச்சுப்புகை முதலில் சேருவது கொளுத்துகிறவனின் மார்புக்குள்ளேயே. பிறன் யார் என்று ஆண்டவரிடம் கேட்டவனுக்கு, வழியோரத்தில் கிடந்தவன் காட்டப்பட்டான். நமக்கும் ஒருவன் காட்டப்படுகிறான். அவனைக் கடந்து மறுபக்கமாய்ப் போகிற ஆசாரியனும் லேவியனும் யாராயிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

குற்றம் வாங்குகிறவனுடையது மாத்திரம் அல்ல. மூடியைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறவனும், உதிரிபாகத்தை விற்க மறுக்கிறவனும், புதியதின் விலைக்கு அருகில் மோட்டாரின் விலையை வைக்கிறவனும் அதற்குப் பங்காளிகள். திரிகைக் கல்லை அடகாக வாங்குவது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவதாகும் என்பது நியாயப்பிரமாணம். ஒருவன் தன் கருவியைத் தானே சீர்செய்யக் கூடாதபடி பூட்டிவைப்பது அதற்கு அடுத்தபடி நிற்கிற அநீதி. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல், வீட்டு வேக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று விதித்தது. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். நீரையும் உறிஞ்சும் வகைக்கு அவ்விதி பொருந்தாது என்பது வேறு குறை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வாங்கும் முன்பே, "இதன் மோட்டார் தனியாகக் கிடைக்குமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். நூறு விசுவாசிகள் கேட்டால் அந்தக் கேள்வி கடையைத் தாண்டியும் எட்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. வாளி பிளந்து, சுவிட்சின் இருப்பிடம் உருகி, பாகம் எங்கும் கிடைக்காமற்போனால், அதை விட்டுவிடும் காலம் வந்தது. அப்பொழுதும் தெருமுனையில் போடாமல், மின்னணுக் கழிவை வாங்க அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். அதற்குமுன், கெடாத குழாயையும் சக்கரத்தையும் தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள்.

நம் சபைகளில் ஐ.டி.ஐ. படித்த வாலிபர்கள் இருக்கிறார்கள். ஆராதனை மேடையில் ஒலிபெருக்கி கெட்டால் மட்டும் அவர்களைத் தேடுகிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், சபை மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு அவர்களை உட்காரவையுங்கள். விதவையின் வீட்டு மிக்சியும், தையல் வேலை செய்கிற சகோதரியின் மெஷின் மோட்டாரும், உங்கள் வேக்குவம் கிளீனரும் அந்த மேசைக்கு வரட்டும். சபைக் கமிட்டியார் புதுப்பொருள் வாங்கத் தீர்மானம் எழுதுமுன், பழையதைத் திறந்து பார்த்தவர் யார் என்று கேட்கட்டும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் தீர்மானம் காத்திருக்கட்டும்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஓடாமல் நிற்கும் ஒரு பொருளை எடுத்துத் துடைத்து, பிளக்கைக் கழற்றி, திறந்து பாருங்கள். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்ட மனுஷனுடைய பிள்ளைகள் நாம். காக்கிற அந்த வேலை இன்னும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஜெபம்: எங்கள் கையின் கிரியைகளைக் காண்கிற பிதாவே, நீர் தந்தவற்றை அற்பமாய் எண்ணாத இருதயத்தைத் தாரும். நாங்கள் எறிந்தவற்றின் நடுவே பிழைக்கிற எங்கள் சகோதரரை எங்கள் கண்கள் காணச்செய்யும். பழுதுபார்க்கும் கைகளை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.