அக்கரை அடுப்படி: புல்வெளிப் பண்ணையின் குடும்பத்தலைவி



"கனடாவில்தான் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறதே, அங்கே பண்ணை வீட்டுப் பெண்களுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்விதான். என் கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறோம். கொல்லைப்புற வேலியைத் தாண்டினால் ஒரு பண்ணை. அந்த வீட்டு அம்மாளோடு பழகியதில் பார்த்ததையும் கேட்டதையும் இந்தத் தடவை எழுதுகிறேன்.

'ப்ரெய்ரி' என்று இங்கே சொல்வது மரம் அதிகமில்லாத பரந்த புல்வெளிச் சமவெளியை. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா ஆகிய மூன்று மாகாணங்களின் தென்பகுதி இது. புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி, மைலுக்கு மைல் சதுரம் சதுரமாக நிலத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1872-ல் வந்த சட்டப்படி 10 டாலர் கட்டி, மூன்று வருஷம் குடியிருந்து, நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தால் அந்தக் கால் பங்கு சொந்தமாகிவிடும். ஆனால் யாருக்கு? ஆண்களுக்கு! குடும்பப் பொறுப்பைச் சுமக்கிற விதவை மாதிரியான சிலரைத் தவிர மற்றப் பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. பரம்பரையாக அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகள் ஒதுக்கப்பட்டது இன்னொரு சோகக் கதை.

அன்றைக்கு ஒரு குடும்பமே பிழைத்த 160 ஏக்கர் இன்றைக்கு ரொம்பச் சின்னப் பண்ணை. 2021 கணக்கெடுப்பில் சஸ்காச்சுவானின் சராசரிப் பண்ணை 1,700 ஏக்கருக்கும் மேல்! நம் அம்மாளுக்கும் அவர் கணவருக்கும் இருப்பது 320 ஏக்கர். கோதுமை, மைசூர் பருப்பு, இருபது மாடு, கொஞ்சம் கோழி, வீட்டுத் தோட்டம். இது போதாதென்று அந்த அம்மாள் வாரத்தில் மூன்று நாள் ஊரில் வேலைக்கும் போகிறார். கனடாவில் பண்ணை நடத்துகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படி வெளிவேலையும் பார்க்கிறவர்கள்தான்.

குளிர்காலத்திலிருந்து தொடங்குகிறேன். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். சில நாள் மைனஸ் 40! பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். ராத்திரி காரின் எஞ்சினைச் சூடாக வைக்க மின்சார ஒயரைச் செருகி வைக்க வேண்டும். மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது. மாட்டுத் தொட்டியில் தண்ணீர் உறைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். கோழிக்கு வெளிச்சம் குறைந்தால் முட்டை நின்றுபோகும். ஆகவே கூண்டில் விளக்குப் போட்டு, ஒரு நாளைக்கு 14 மணியிலிருந்து 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள்.

குளிர் முழுசாக விடுவதற்குள் மாடுகள் கன்று போட ஆரம்பிக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கோட்டு, பூட்ஸு எல்லாம் மாட்டிக்கொண்டு டார்ச்சுடன் கொட்டிலுக்குப் போவது பெரும்பாலும் இந்த அம்மாள்தான். குளிரில் விறைத்த கன்றுக்குட்டியைத் தூக்கிவந்து அடுப்படிக்குப் பக்கத்தில் போட்டு, துண்டால் துடைத்து, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் காற்று கொடுப்பார். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். நோயை எதிர்க்கிற சக்தி கன்றுக்கு அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊர் மாட்டுக்காரப் பாட்டிக்குத் தெரியாததா இது!

வசந்தத்தில் கோழிக்குஞ்சு வரும். முதல் வாரம் 35 டிகிரி உஷ்ணம், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கவேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும் என்பார் அந்த அம்மாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர். விளக்கை விட்டு ஓரமாக ஓடினால் சூடு அதிகம். கைக்குழந்தைக்காரிகளும் இப்படித்தானே குழந்தையின் அழுகையிலிருந்து கண்டுபிடிக்கிறோம்?

தோட்டத்தில் கை வைக்க மே மாதக் கடைசி வரை பொறுக்க வேண்டும். அதற்குமுன் நட்டால் உறைபனி கொண்டுபோய்விடும். செப்டம்பரில் மறுபடி பனி வந்துவிடும். நடுவில் கிடைக்கிற நூற்றுச் சொச்சம் நாளில் வருஷத்துக்கான காய்கறி விளைய வேண்டும்! ஆனால் ஜூன் மாதத்தில் பதினாறு மணி நேரம் வெயில் இருப்பதால் பட்டாணியும் முட்டைக்கோஸும் கண்முன்னே வளர்கின்றன. உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட் எல்லாம் நிலவறைக்குப் போகும். பழங்கள் ஜாமாகும். பீன்ஸ் புட்டிக்குப் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜாம், வினிகர் ஊறுகாய் போன்றவற்றைக் கொதிநீரில் புட்டிகளை வைத்துப் பக்குவம் செய்யலாம். ஆனால் புளிப்பில்லாத பீன்ஸ், காரட், மாமிசம் முதலியவற்றுக்கு அது போதாது. காற்றில்லாத புட்டிக்குள் வளர்கிற ஒரு கிருமியின் விதை 100 டிகிரியில் சாகாது. அதன் விஷம் உயிரையே குடிக்கும். மணத்திலோ ருசியிலோ தெரியாமலும் போகலாம். அதற்கென்றே உள்ள அழுத்தப் பாத்திரத்தில் 116 டிகிரி வரை ஏற்றி, குறித்த நேரம் வைக்கவேண்டும். நாமும் வேகவைத்த காய்கறியைச் சும்மா புட்டியில் அடைத்து வெளியே வைக்கிற ஆசையே வேண்டாம், சகோதரிகளே.

அறுவடை ஆகஸ்டுக் கடைசியில் தொடங்கும். மழைக்கு முன் முடிக்கவேண்டுமே என்று ராத்திரி பத்து, பதினொன்று வரை மெஷின் ஓடும். மெஷின் ஓட்டுகிறவருக்குச் சாப்பாட்டை வயலுக்கே கொண்டுபோவது, தானிய லாரி ஓட்டுவது, ஏதாவது ஒடிந்தால் அறுபது மைல் போய் உதிரிபாகம் வாங்கி வருவது, பில்லும் வரியும் எழுதுவது எல்லாம் வீட்டுக்காரம்மாள். குழந்தைகளை ஒரு கண் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஓடுகிற தானியம் புதைமணல் மாதிரி. ஆளைச் சில விநாடிகளில் உள்ளே இழுத்துவிடும். லாரியிலும் குதிரிலும் விளையாடக் கூடாது என்பது இங்கே முதல் பாடம்.

ஆச்சா? இவ்வளவு வேலைக்கும் என்ன பெயர் தெரியுமா? "வீட்டுக்காரருக்கு ஒத்தாசை!"

ஆல்பர்ட்டாவில் ஐரீன் மர்டாக் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரி. கணவர் வருஷத்தில் ஐந்து மாதம் போல வெளிவேலைக்குப் போய்விடுவார். அந்தம்மாளே புல் அறுத்து, டிராக்டர் ஓட்டி, மாட்டுக்கு ஊசி போட்டு, சூடு போட்டு எல்லாம் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் கழித்து மணமுறிவு வந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. 1973-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம், எந்தப் பண்ணை மனைவியும் வழக்கமாகச் செய்கிற வேலைதான் இது என்ற கீழ்க்கோர்ட்டுக் கருத்தை ஏற்று, பங்கு இல்லை என்று தீர்ப்பளித்தது! ஐந்து நீதிபதிகளில் போரா லாஸ்கின் ஒருவர்தான் மாறுபட்டார்.

பெண்கள் கொதித்துப் போனார்கள். நாடெங்கும் குரல் எழுந்தது. 1978-ல் ராத்வெல் என்ற சஸ்காச்சுவான் விவசாயக் குடும்பத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் மனைவிக்குப் பாதிப் பங்கு கொடுத்தது. அதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். கல்யாணமானதும் இருவரும் சேர்ந்து திறந்த பாங்குக் கணக்கிலிருந்துதான் நிலத்துக்கு முன்பணம் போயிருந்தது. அந்தக் கணக்கு அந்தம்மாளுக்குக் கை கொடுத்தது! அந்த வருஷங்களில்தான் மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தம்பதியர் சொத்துச் சட்டங்களைத் திருத்தின. அப்படியும் விவசாயக் கணக்கெடுப்பில் ஒரு பண்ணைக்கு ஒரே ஒரு பெயர்தான் எழுத முடிந்தது. 1991-ல்தான் மூன்று பெயர் வரை எழுத இடம் வந்தது. சேற்றில் நின்ற பெண்களில் பெரும்பாலோர் அதுவரை கணக்கில் வரவே இல்லை!

பக்கத்துப் பண்ணைப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. "சண்டை போட்டு வாங்கினீர்களா?" என்று கேட்டேன். "இல்லை, வாங்குகிற அன்றைக்கே கேட்டேன். சண்டை வந்த பிறகு கேட்டால் சண்டைக்காகக் கேட்கிற மாதிரி ஆகிவிடும்" என்றார். எனக்கு அது மனசில் பதிந்துவிட்டது.

நாமும் செய்யக்கூடியவை சில உண்டு. நிலமோ, வீடோ, கடையோ வாங்கும்போது இருவர் பெயரிலும் எழுதலாமா என்று பேசுங்கள். பாங்குக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கட்டும். பத்திரம், பட்டா, இன்ஷூரன்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நகையோ சம்பளமோ குடும்பச் சொத்தில் போனால் தேதி போட்டு ஒரு நோட்டில் குறியுங்கள். இதெல்லாம் நம்பிக்கையின்மை இல்லை, வீட்டுக்காரர் இல்லாத நாளில் குழந்தைகளுக்கும் இது பாதுகாப்புத்தான்.

கடைசியாக ஒரு பண்ணை வீட்டு சூப். கனடாவின் மைசூர் பருப்பில் மிகப் பெரும்பகுதி சஸ்காச்சுவானில்தான் விளைகிறது. 1971-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயிர் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் இதற்குப் பெரிய உதவி. ஒரு கப் மைசூர் பருப்பைக் கழுவி, ஒரு வெங்காயம், இரண்டு காரட், இரண்டு தக்காளி நறுக்கிப் போட்டு, ஐந்து கப் தண்ணீர் விட்டுக் குழைய வேகவையுங்கள். உப்பு, மிளகுத்தூள் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். நான் சீரகமும் பூண்டும் நெய்யில் தாளித்துக் கொட்டுவேன். பக்கத்துப் பண்ணை அம்மாளும் இப்போது அப்படியே செய்கிறார்! காரமில்லாமல் மசித்தால் குழந்தைகளுக்கும் ஆகும்.

உங்கள் வீட்டில் எந்த வேலை "ஒத்தாசை" என்ற பெயரில் கணக்கில் வராமல் போகிறது? எழுதுங்களேன், படிக்க ஆவலாக இருக்கிறேன்.