72 மணித்தியாலம்

பாமசியில் பெனடோல் கேட்க யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அவசர கருத்தடை மாத்திரையைக் கேட்பதற்கு மட்டும் ஒரு பெண் கடையில் ஆட்கள் குறையும்வரை காத்து நிற்க வேண்டியிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் கற்கைநெறியைப் பயிலும், இக்கல்லூரியின் பழைய மாணவி நான். எமது சஞ்சிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஏ.எல். முடித்து ஓரிரு வருடத்தில் மணமாகிச் செல்லும் எம் தோழிகளுக்கு வேறு எங்கே எழுதுவது?

போஸ்டினர் என்று பலரும் அறிந்த இம்மாத்திரையில் இருப்பது லெவோநோர்ஜெஸ்ட்ரல். இலங்கையில் வைத்தியரின் சிட்டை இல்லாமலே பாமசியில் வாங்கலாம். 72 மணித்தியாலத்துக்குள் 1.5 மில்லிகிராம் எடுக்க வேண்டும். முந்தினால் முந்திய பலன். சூல்முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதே இதன் பிரதான வேலை. ஏற்கெனவே தரித்த கருவை இது கலைக்காது. எம்மவரில் அநேகர் இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நம்புகிறார்கள். கூச்சத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ‘அஸ்ல்’ பற்றிப் பேசும்போது, கரு உருவாகாமல் தவிர்ப்பதையும் உருவான கருவைக் கலைப்பதையும் வேறுபடுத்தியே பேசுகிறார். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னர் ஓர் ஆலிம் தயங்காமல் எழுதிய விடயம் இது.

கடந்த வருடம் ஒரு பாமசியில் கண்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் மெல்லிய குரலில் மாத்திரையைக் கேட்டார். “யாருக்கு இது? நீங்க கலியாணம் முடிச்சவங்களா?” என்று கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். அவர் ஒன்றும் வாங்காமல் கம்பளை பஸ்ஸில் ஏறிவிட்டார். பாலூட்டும் தாயும் எடுக்கக்கூடிய மருந்து அது.

கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எத்தனை மணித்தியாலம் கடந்தது? வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுக்கிறாரா? அவற்றில் சில இதன் வலுவைக் குறைக்கும். சொல்ல வேண்டியவையும் உண்டு: இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் மீண்டும் எடுக்க வேண்டும்; மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் சோதித்துப் பார்க்க வேண்டும்; இது வழமையான கருத்தடை அல்ல, அதற்குக் குடும்பநல உத்தியோகத்தரை நாடலாம். கலியாணம் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

இலகுவாகக் கிடைத்தால் பிள்ளைகள் வழிதவறுவார்கள் என்ற பெற்றோரின் பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். ஆனால் ஒழுக்கத்தைக் கற்பிப்பது உம்மா வாப்பாவின் பொறுப்பு. அதை பாமசி நானாவிடம் ஒப்படைக்க முடியாது. பலாத்காரத்துக்கு உள்ளான பெண்ணும் அதே கவுண்டரின் முன்தான் வந்து நிற்கிறாள். திருப்பி அனுப்பப்பட்டவள் பிறகு எங்கே போவாள்? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. எஞ்சியிருப்பது மறைவிடங்கள்.

இந்தியாவில் 2005இலேயே சிட்டையின்றி விற்க அனுமதி கிடைத்தது. என்றாலும் சென்னையின் மருந்துக் கடைகள் பல இதை வைத்திருப்பதில்லை என்று அங்குள்ள பெண்கள் வருடக்கணக்காக முறையிடுகிறார்கள். சட்டம் திறந்த கதவைக் கடை மூடிவிடுகிறது.

பேராதனை, கண்டி வைத்தியசாலைகளின் முன்னாலுள்ள பாமசிகளிலாவது தனியாகப் பேச ஒரு மூலையும் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமும் இருக்கட்டும். அதுவரை, பெயரைச் சொல்லக் கூச்சப்படுபவர் கடதாசியில் எழுதி நீட்டலாம். வாங்குபவர் அதைச் சத்தமாக வாசிக்காதிருந்தால் சரி.