வோட்டில்லாதவரின் தேர்தல் நாள்

தேர்தல் என்றதும் நமக்கெல்லாம் ஒரு திருவிழாவின் ஞாபகம் வரும். கொடி, தோரணம், ஒலிபெருக்கி, சுவரெங்கும் சின்னம் இவையெல்லாம் இல்லாமல் ஒரு தேர்தல் நடக்கக்கூடும் என்று நான் நினைத்ததேயில்லை. 2025-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெர்லின் நகரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அத்தகைய தேர்தலை என் கண்ணாலேயே கண்டேன். ஜெர்மன் பார்லிமெண்டுக்கு அன்று பொதுத் தேர்தல். விளக்குக் கம்பங்களில் அபேட்சகர்களின் படங்கள் தொங்கின. மற்றபடி தெரு சாதுவாக இருந்தது. ஜனங்கள் ரொட்டிக் கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, வோட்டுப் போட்டுவிட்டு, கடைக்குப் போனார்கள்.

நண்பர் கும்பகோணத்துக்காரர். 1994-ல் அந்தத் தேசத்துக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயராக இருக்கிறவர். அவருடைய பெண் 2006-ல் அங்கே பிறந்தவள். அந்நியர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கும், பெற்றோர் போதிய காலம் அங்கு வசித்திருந்தால், பிறப்பினாலேயே பிரஜாவுரிமை உண்டென்று 2000-ஆம் வருஷத்தில் அமுலுக்கு வந்த ஒரு சட்டம் சொல்லுகிறது. ஆகவே பெண் ஜெர்மன் பிரஜை. தகப்பனார் இந்தியப் பிரஜை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், இரண்டு தேசங்கள்!

அன்று அவளுக்கு முதல் வோட்டு. "அப்பா, நீங்களும் வாருங்களேன், மாமாவையும் அழைத்துக்கொண்டு போகலாம்" என்றாள். மூவரும் புறப்பட்டோம். அவள் மறைவிடத்துக்குள் போனபோது நாங்கள் ஓரமாக நின்றோம்.

அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வோட்டுக்கள். ஒரே சீட்டில், இடது புறத்தில் தொகுதி அபேட்சகருக்கு ஒன்று, வலது புறத்தில் கட்சிக்கு ஒன்று. தொகுதிகள் 299. ஆனால் சபையில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஸ்தானம் என்பதை நிர்ணயிப்பது இரண்டாவது வோட்டுத்தான். அதில் நூற்றுக்கு ஐந்தாவது கிடைக்காத கட்சிக்கு, மூன்று தொகுதிகளையாவது ஜயித்தாலொழிய, பங்கு கிடையாது. அந்தத் தேர்தலில் ஒரு புதிய கட்சிக்கு நூற்றுக்கு 4.98 கிடைத்தது. சுமார் 5 கோடிப் பேர் வோட்டளித்த தேசத்தில், ஏறக்குறைய 9,500 வோட்டுக்கள் குறைந்ததால் அக்கட்சி வாசலிலேயே நின்றுவிட்டது. "என் ஒரு வோட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண் வெளியே வந்ததும் நண்பர் முதலில் பார்த்தது அவளுடைய இடது கை விரலை. "மை வைக்கவில்லையா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்த ஊரில் மை கிடையாது. நண்பர் கடைசியாக விரலில் மை வைத்துக்கொண்டது 1991-ல்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "தொழிற்சாலைத் தொழிலாளர் சபைத் தேர்தலில் எனக்கு வோட்டு உண்டு. அங்கே நீ எந்த தேசத்தவன் என்று கேட்பதில்லை. எதிர் வீட்டுப் போலந்துக்காரர் வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அவர் ஐரோப்பிய ஐக்கியத்தைச் சேர்ந்தவராகையால் உள்ளூர்த் தேர்தலில் வோட்டளிக்கலாம். முப்பது வருஷமாக வரி கட்டுகிற எனக்கு அதுவும் இல்லை."

இது ஏதோ கவனக் குறைவால் நேர்ந்ததன்று. இரண்டு மாகாணங்கள் அந்நியர்களுக்கு உள்ளூர்த் தேர்தலில் வோட்டளிக்க முன்வந்தபோது, 1990-ஆம் வருஷம் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்துவிட்டது. அதிகாரத்துக்கு மூலம் ஜனங்கள். ஜனங்கள் என்றால் அந்நாட்டுப் பிரஜைகள். வோட்டு வேண்டுமானால் பிரஜையாகட்டும் என்பது அதன் கருத்து. நியாயமில்லை என்று தள்ளிவிட முடியாது.

"அப்படியானால் பிரஜையாகிவிடுகிறதுதானே?" என்றேன்.

கதவு திறந்துதான் இருக்கிறது. 2024 ஜூன் முதல், பழைய பிரஜாவுரிமையைத் துறக்காமலே ஜெர்மன் பிரஜையாகலாம் என்று அங்கே சட்டம் மாறியிருக்கிறது. ஆனால் வேறு தேசத்துப் பிரஜாவுரிமையை இஷ்டப்பட்டு ஏற்றவன் இந்தியப் பிரஜையாக நீடிக்க முடியாதென்பது நமது சட்டம். அவன் பெறக்கூடிய "அயல்நாட்டு இந்தியர்" என்னும் அட்டையைக் கொண்டு ஊருக்கு வரலாம், போகலாம், வோட்டளிக்க முடியாது.

சரி, இந்தியப் பிரஜையாகவே இருக்கிறவருக்கு இந்தியாவில் வோட்டு உண்டா என்றால், உண்டு! 2010-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜை தன் சொந்த ஊர் ஜாபிதாவில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் தேர்தலன்று நேரில் வந்து நிற்க வேண்டும். பிரதிநிதி மூலம் வோட்டளிக்க வழி செய்யும் மசோதா 2018-ல் லோக்சபையில் நிறைவேறி, ராஜ்யசபையில் நிறைவேறுமுன் சபையின் காலம் முடிந்து காலாவதியாகிவிட்டது. 2024 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு வோட்டளித்தபோது நண்பருக்கு லீவு கிடைக்கவில்லை. கடல் கடந்து சென்றவர் பணம் அனுப்பினால் பெற்றுக்கொள்கிற தேசம், அவருடைய அபிப்பிராயத்தை மட்டும் விமானத்தில் ஏறி வந்து சொல்லச் சொல்வது அழகாயில்லை.

மாலை ஆறு மணிக்கு வோட்டுப் பதிவு முடிந்தது. நண்பர், "மறுபடி அங்கே போகலாம், வாருங்கள்" என்றார். வோட்டு எண்ணுவதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, அவ்வளவுதான். 2009-ல் அந்த நீதிமன்றமே, வோட்டுப் பதிய உபயோகித்த கம்ப்யூட்டர் யந்திரங்களைச் செல்லாதென்று தீர்த்தது. விசேஷ ஞானம் இல்லாத சாதாரண மனிதனும் தேர்தலைச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டுமென்பது அதன் காரணம்.

பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார்கள். எண்ணியவர்கள் உத்தியோகஸ்தர்களல்ல, அக்கம்பக்கத்தார். சிற்றுண்டிச் செலவுக்கென்று ஏதோ சொற்பத் தொகை அவர்களுக்கு உண்டு. வந்தவர்கள் எத்தனை, சீட்டு எத்தனை என்று முதலில் ஒத்துப் பார்த்துவிட்டு, குவியல் குவியலாகப் பிரித்தார்கள். நாங்கள் யார், எந்த தேசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கிழவி மட்டும் எங்களுக்கு இரண்டு நாற்காலிகளைக் காட்டினாள். கடைசியில் தலைவர் எழுந்து முடிவை உரக்கப் படித்தார்.

நண்பர் மனத்திற்குள் கூட்டிப் பார்த்து, "கணக்குச் சரியாக இருக்கிறது" என்றார்.

நமது தேசத்திலும் 1937-ஆம் வருஷத்துத் தேர்தலில் சொத்தோ படிப்போ உள்ள சுமார் 3 கோடிப் பேருக்குத்தான் வோட்டு. 1951-52-ல் 17 கோடிக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர் உட்பட, வோட்டுரிமை பெற்றார்கள். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து காட்டிய தேசத்துக்கு, கடல் கடந்திருக்கும் தன் பிள்ளைகளின் விரலுக்கு ஒரு சொட்டு மை அனுப்புவது அசாத்தியமா? அதுவரையில், வோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேர்தலன்று வீட்டில் தூங்குகிறவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து பிறர் வோட்டைக் கூட்டிப் பார்த்த என் நண்பரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வார்களாக.