லென்ஸுக்கு ஒரு லட்சம், சும்மாட்டுக்கு சைபரா?

பொங்கல் லீவுக்கு சிலமலை போயிருந்தேன். போடி பக்கம், மலை அடிவாரத்துல இருக்கிற எங்க ஊர். 2023 ஜூன்ல சென்னை ரயில் போடி வரைக்கும் வர ஆரம்பிச்சதுல இருந்து, சென்னைல வேலை பார்க்கிற எங்க பசங்க எல்லா லீவுக்கும் ஆஜர் ஆயிடறாங்க. அதுல ஒருத்தன் என் சித்தப்பா பையன். ஐடி வேலை, பறவை போட்டோ பைத்தியம். இந்த தடவை கையில புது லென்ஸ், நிக்கான் 200-500. விலை ஒரு லட்சம் பக்கம், 18 மாச இ.எம்.ஐ.

காலைல ஆறு மணிக்கு மாந்தோப்பு, இலவ மரமெல்லாம் தாண்டி மலைச் சரிவுல ஏறினோம். லென்ஸ் 2.3 கிலோ. அவனோட டி7500 பாடி, பேட்டரியோட 720 கிராம். ஆக மொத்தம் மூணு கிலோ. அதை எதுல தொங்க விட்டிருந்தான் தெரியுமா? கேமரா டப்பாவுக்குள்ள ஓசியா வந்த, ரெண்டு விரல் அகலப் பட்டைல! ஒன்பது மணிக்கு இறங்கும்போது கழுத்தைத் திருப்ப முடியல. அப்புறம் பிசியோதெரபி அஞ்சு தடவை, தடவைக்கு 500 ரூபாய். ரெண்டு நாள் லீவும் போச்சு.

எங்க பாட்டி அவனைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "சும்மாடு வைக்காம எவனாவது சுமை தூக்குவானாடா?"

நியாயமான கேள்வி. மூட்டையோ விறகோ, எங்க ஊர்ல துணியைச் சுருட்டித் தலையில வச்சுட்டுத்தான் தூக்குவாங்க. எடை குறையாது, ஆனா ஒரே இடத்துல அழுத்தாம பரவும். ஸ்ட்ராப்போட வேலையும் அதேதான். 30 ஆயிரம் ரூபாய் போனுக்கு கேஸ், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் யோசிக்காம போடறோம். லட்ச ரூபாய் லென்ஸுக்கு மூவாயிரம் ரூபாய் ஸ்ட்ராப்னா "அதான் டப்பால ஒண்ணு வந்திருக்கே"ங்கறோம்.

'நோ காஸ்ட்' இ.எம்.ஐ.ல வாங்கினவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு லட்ச ரூபாய் பொருள், 18 மாசம், 16% வட்டின்னு வைங்க. கடைக்காரர் தள்ளுபடியா விட்டுக்கொடுக்கிற வட்டி சுமார் 11,600 ரூபாய். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அதாவது சுமார் 2,090 ரூபாய், உங்க கார்டு பில்லுலதான் ஏறும். ப்ராசஸிங் ஃபீஸ் தனி. கண்ணுக்கே தெரியாம இவ்வளவு கட்டறவங்க, கழுத்துக்குக் கணக்கு பார்க்கிறது எனக்குப் புரியல.

சரி, எதை வாங்கறது? அகலமான நியோபிரீன் பட்டை கழுத்துக்கு மெத்துன்னு இருக்கும். ஆனா அது இழுபடும் ரகம், சரிவுல இறங்கும்போது கேமரா குதிச்சுக்கிட்டே வரும். எடையும் கழுத்துலயேதான் நிக்கும். ஒரு கிலோ கேமராவுக்கு ஓகே, மூணு கிலோவுக்கு வேண்டாம்.

தோள்ல இருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு வர்ற குறுக்குப் பட்டை இதைவிட எவ்வளவோ மேல். ஒரு விஷயம் கவனிங்க: பட்டையை பாடியோட காதுல மாட்டாதீங்க, லென்ஸுக்கு அடியில இருக்கிற ட்ரைபாட் ஃபுட்ல மாட்டுங்க. பாடியில மாட்டினா அந்த 2.3 கிலோவும் மவுன்ட்ல தொங்கும். திருகாணி போட்டு மாட்டற மாடல்னா நடக்க நடக்க ஆணி லூஸ் ஆகலாம். அப்பப்போ விரலால முறுக்கிப் பாருங்க, கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டிக்கோங்க. பீக் டிசைன் மாதிரி நூல் கொக்கி வச்சதுல, கருப்பு நூல் தேஞ்சு உள்ள வேற கலர் தெரிஞ்சா உடனே மாத்தணும். முன்னூறு ரூபாய்க்கு வர்ற பேர் தெரியாத பிளாஸ்டிக் கொக்கி மட்டும் வேணவே வேணாம். கொக்கி உடைஞ்சு கீழே விழுந்ததுக்கெல்லாம் சாதாரண வாரன்ட்டி வராது.

குறுக்குப் பட்டைலயும் ஒரு குறை இருக்கு. மேட்டுல குனிஞ்சா கேமரா முன்னாடி ஊஞ்சலாடி பாறையில இடிக்கும். அதனால மலைக்குப் போறவங்களுக்கு என் ஓட்டு ரெண்டு தோளுக்கும் மாட்டற ஹார்னஸுக்குத்தான். வியர்க்கும், பாக்கறதுக்கு பாராசூட்ல குதிக்கப் போறவன் மாதிரி இருக்கும். பரவாயில்ல, மயில் ஒண்ணும் சிரிக்காது. எதை வாங்கினாலும் உங்க கேமராவையும் லென்ஸையும் கடைக்கே எடுத்துட்டுப் போய், மாட்டிக்கிட்டு கால் மணி நேரம் நடந்து பாருங்க. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள வீட்டு மாடிப்படியில ஏறி இறங்கிப் பாருங்க.

உண்மையைச் சொன்னா, அவன் லென்ஸையே ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணியிருக்கணும். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோதான். அந்த முன்னூத்தி சொச்சம் கிராம் ஷோரூம்ல தெரியாது, மூணாவது மணி நேரத்துல தெரியும்.

"சார், இதை டேக்ஸ்ல கழிக்கலாமா?"னு கேப்பீங்க. வெறும் சம்பளம்னா முடியாது. புது ரெஜிம்ல 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டும்தான். சைடுல கல்யாண போட்டோ எடுத்து, அதை பிசினஸ் வருமானமா காட்டி, கணக்கும் எழுதறவங்க மட்டும் கேமராவுக்கு வருஷம் 15% தேய்மானம் பத்தி உங்க ஆடிட்டர்கிட்ட பேசுங்க.

தம்பி போன வாரம் ஹார்னஸ் வாங்கிட்டான், 3,400 ரூபாய். பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தான். சந்தோஷமா திறந்து பார்த்தா, அதுவும் மூணு மாச இ.எம்.ஐ.! அடுத்த வீடியோ அவனுக்காகத்தான்.