பிறக்காதவர்களுக்கு ஒரு கும்பிடு

குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்தது மூன்று: அருவி, எண்ணெய்க் குளியல், குரங்கு. தென்காசிக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்தது ஒன்று, தூரத்திலேயே கண்ணில் படும் பெரிய கோபுரம். இரண்டு ஊருக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர்தான். மனிதன் ஏன் எதையாவது படைத்துக்கொண்டே இருக்கிறான் என்ற பெரிய கேள்விக்கு இந்த ஐந்தாறு கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது.

முதலில் குரங்கு. பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடியபோது, குறத்தி மலைவளம் சொல்லும் பாட்டை வானரங்களை வைத்துத்தான் தொடங்கினார். இன்றைக்கு அருவிக்கரையில் பையைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கு அவற்றின் வாரிசாகக்கூட இருக்கலாம். அதற்கு மூளை இல்லை என்று பையைப் பறிகொடுத்த யாரும் சொல்லமாட்டார்கள்!

1953ல் ஜப்பானின் கோஷிமா தீவில் ஓர் இளம் பெண் குரங்கு மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்றது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'இமோ' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத்தில் மற்றவையும் அதைக் கற்றுக்கொண்டன. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், அதுவும் கைமாறியது. ஆகவே 'படைப்பாற்றல் மனிதனுக்கு மட்டுமே' என்று பெருமை பேச வழியில்லை. ஆனால் இனிப் பிறக்கப்போகும் குரங்குகளை நினைத்து எந்தக் குரங்கும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மனிதன் கவலைப்பட்டான். அதற்குச் சாட்சி தென்காசியில் இருக்கிறது.

மதுரை கையை விட்டுப் போய், பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கிவிட்ட காலம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பினான். கோயில் கட்டிய அரசர்கள் கல்வெட்டில் என்ன எழுதுவார்கள்? வென்ற நாடுகள், கொடுத்த நிலம், விளக்கெரிக்கக் கொடுத்த ஆடுகள்... கெடுப்பவனுக்குச் சாபமும் உண்டு. இந்தப் பாண்டியன் விட்டுச்சென்ற பாட்டு வேறு மாதிரி. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது கேடு வந்து, அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாரோ, அவர்களை எல்லோரும் அறிய விழுந்து வணங்குகிறேன் என்பதுதான் அதன் கருத்து.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஓர் அரசன் விழுந்து கும்பிடுகிறான். யாரை? அவர்கள் பெயர் அவனுக்குத் தெரியாது. சாதி தெரியாது, எந்த அரசின் குடிகள் என்று தெரியாது. அவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை! மனித இனம் என்ற உணர்வு இதுதான். தத்துவப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக விளக்கப்படுவது இங்கே ஒரே ஒரு கும்பிடாகச் சுருங்கிக் கிடக்கிறது.

அந்தக் கும்பிடு வீண்போகவில்லை. பின்னாளில் கோபுரம் பிளந்து சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ல் அது ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. எழுப்பியவர்கள் பாண்டியனின் குடிகள் அல்ல, வாக்குரிமை உள்ள ஒரு குடியரசின் மக்கள். அவனால் கற்பனைகூடச் செய்ய முடியாதவர்கள்.

'பெயருக்காகத்தானே பாட்டையும் கல்லில் வெட்டினான்?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படிக் கேட்பவர்கள் குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போய்ப் பார்க்கலாம். நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்று. இங்கே ஆடும் கூத்தன் செப்புத் திருமேனி அல்ல, சுவரில் தீட்டிய ஓவியம். சுற்றிலும் புராணக் காட்சிகள். இவற்றை வரைந்தவர்களின் பெயரை ஊர் நினைவு வைத்திருக்கவில்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகையில், காட்டுப்பன்றியோடு மனித உருவங்கள் இருக்கும் ஓவியம் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழையது என்று 2024ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதை வரைந்தவருக்கும் பெயர் இல்லை. பெயர் போனாலும் வரைந்தது வந்து சேர்கிறது.

சரி, வந்து சேர்ந்ததை என்ன செய்வது? இங்கேதான் சிக்கல்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். கவிதை ஏட்டில் இல்லை. வாய்விட்டுச் சொல்லும்போது, கேட்பவர் உருகும்போதுதான் அதற்கு உயிர் என்பது அவர் கட்சி. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்தார்கள். ஆனால் அந்த உரிமையிலேயே அவர் கம்பனில் கைவைத்தார். இடைச்செருகல் என்று தோன்றிய பாடல்களை ஒதுக்கினார், சொற்களைத் திருத்தினார். புலவர்கள் கொதித்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். டி.கே.சி. திருத்தியதால் கம்பன் அழிந்துவிடவில்லை. பழைய பாடம் வேறு பதிப்புகளில் பத்திரமாக இருக்கிறது. கோபுரமும் இடிந்தால் மறுபடி கட்டலாம். சுவர் ஓவியம் அப்படி இல்லை. மேலே புதுச் சாயம் பூசினால் கீழே இருப்பது போயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்ததை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தது நம் அதிர்ஷ்டம். எல்லாச் சுவருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. திருப்பணி என்ற பெயரில் சுரண்டப்பட்ட சுவர்களும், வெள்ளையடிக்கப்பட்ட மண்டபங்களும் தமிழ்நாட்டில் கொஞ்சமா?

ஆகவே படைப்பு என்றால் புதிதாகச் செய்வது மட்டும் என்று நினைப்பது பாதி உண்மைதான். வாங்கியதைக் கெடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது மறுபாதி. முதல் பாதிக்குத் திறமை வேண்டும். மறுபாதிக்கு, தான் ஒரு நீண்ட வரிசையில் நடுவில் நிற்கிறோம் என்ற நினைப்பு இருந்தால் போதும். திறமைக்குக் குறைவில்லாத நாட்டில் அந்த நினைப்புக்குத்தான் பஞ்சம்.

பழைய சுவர் ஓவியத்தின் மேல் சாவியால் பெயர் கீறுகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. தன் பெயரும் நிலைக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் விழுந்து வணங்கிய அந்தப் பாண்டியன் கும்பிட்ட கூட்டத்தில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் இருக்கலாம்.