எஞ்சினுக்கு முன்னால் பாலத்தைப் பாருங்கள்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதை நேரு பிளேஸ் கடையில் சரிசெய்து விற்றதாக இருக்கும். "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும், புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறான் பிள்ளை. பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்றதும் கோடை விடுமுறைக்கு ஊர் போய்வரும் செலவு அப்பாவின் கண்முன் வந்து நிற்கிறது. வீட்டில் மனஸ்தாபம்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கார்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ரயில்வேயில் ஒரு தடத்தில் எந்த எஞ்சின் ஓடலாம் என்பதை எஞ்சினின் குதிரைசக்தி தீர்மானிப்பதில்லை. வழியிலுள்ள பாலங்களில் பலம் குறைந்தது எதுவோ, அதுதான் தீர்மானிக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பாலம், எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் பவர் சப்ளை.

கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட். அலுவலகப் பெட்டிகளில் பெரும்பாலும் 240 முதல் 300 வாட் சப்ளைதான். அந்த வயரும் இருக்காது. "கவலையே வேண்டாம் சார், கன்வர்ட்டர் இருக்கிறது" என்பார் கடைக்காரர். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். அதிலிருந்து 75 வாட் இழுத்தால் இணைப்பு சூடாகி உருகலாம். மே மாதத்துத் தில்லியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஆகவே தனி வயர் கேட்காத, 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.டி.எக்ஸ். 1650-இல் சில மாடல்களும், 70 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி.யில் பெரும்பாலானவையும் இந்த வகை. சிறிய பெட்டி என்றால் அரை உயர கார்டுதான் உள்ளே போகும். சில சிறிய பெட்டிகளில் ஸ்லாட் 75 வாட் முழுவதையும் தராது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்தன. 2017-இல் வந்ததன் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜி.பி.; 2018-இல் வந்த டி.டி.ஆர். 4 வகைக்குச் சுமார் 17 ஜி.பி.தான். ஆர்.எக்ஸ். 6400 கார்டு 53 வாட்தான் எடுக்கும் என்றாலும், நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது. புதிய கார்டுகளில் வி.ஜி.ஏ. துவாரம் கிடையாது, பழைய மானிட்டர் வைத்திருப்பவர்கள் அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. கிராபிக்ஸ் கார்டு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. கம்ப்யூட்டர் திறக்க ஐந்து நிமிஷம் ஆகிறது என்பதுதான் குறை என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், ராம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்குங்கள். செலவும் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எந்தக் கார்டும் இதை மாற்றாது.

பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டோ, வீடியோ எடிட்டிங்கோ 75 வாட் கார்டுக்கு அடங்காது என்றால், இந்தப் பெட்டிக்குச் செலவு செய்யாமல் அந்தப் பணத்தைப் புதுக் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கி வையுங்கள். பெரிய கார்டு வாங்கினால் புது பவர் சப்ளை கேட்கும். அது இந்தப் பெட்டியில் பொருந்தாது. பொருத்தினாலும் பழைய பிராசஸர் ஈடுகொடுக்காது. ஒரு பாலத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பாலம் நிற்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிள்ளையையே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சப்ளையின் மேலுள்ள லேபிளைப் படித்து, வாட், ஸ்லாட், பெட்டியின் உயரம் மூன்றையும் அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு கடைக்குப் போகிறவனிடம் எதையும் தலையில் கட்ட முடியாது. அப்பா கஞ்சத்தனம் செய்கிறார் என்ற எண்ணமும் அவனுக்கு வராது. கணக்குப் போட்டு 'முடியாது' என்பதற்கும், கணக்குப் பார்க்காமல் 'கூடாது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

மாற்றுக் கருத்துள்ள இளைஞர்கள் அடுத்த இதழுக்கு எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.