யானைக்கு 22 மாதம், நமக்கு என்ன அவசரம்?

போன வாரம் குன்னூரில் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா மகளோடு வந்தார். மகளுக்கு ஒன்பதாம் மாதம். "டாக்டர், 37-வது வாரத்துல நல்ல நட்சத்திரம் வருது. அன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா குழந்தைக்கு ஆயுசு கெட்டின்னு ஜோசியர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

ஆயுசு என்றதும் எனக்கு யானை ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி, மசினகுடி வழியாக இறங்கினால் தெப்பக்காடு யானைகள் முகாம். பார்த்திருப்பீர்கள். யானைக் குட்டி தாய் வயிற்றில் ஏறக்குறைய 22 மாதம் இருக்கிறது. 60, 70 வயது வரை வாழ்கிறது. நம் வீட்டுச் சுண்டெலியோ 20 நாளில் குட்டி போடும். இரண்டு மூன்று வருடத்தில் அதன் கதை முடிந்தது. மெதுவாக வளர்வது மெதுவாக மூப்படையும். பாலூட்டிகளில் பொதுவாக இதுதான் கணக்கு.

அப்படியானால் வயிற்றில் இருக்கும் நாள்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறதா? அதுவும் இல்லை. பசுவுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு, 280 நாள். பசு 20 வருடம் இருந்தாலே பெரிது!

விஷயம் உயிரணுவுக்குள் இருக்கிறது. குரோமோசோமின் நுனியில் 'டெலோமியர்' என்று ஒரு தொப்பி உண்டு. ஷூ லேஸ் நுனியில் பிளாஸ்டிக் சுற்றியிருக்குமே, அது மாதிரி. உயிரணு பிரியப் பிரிய அது தேயும். ரொம்பத் தேய்ந்துவிட்டால் அந்த உயிரணு பிரிவதையே நிறுத்திவிடும். வேடிக்கை என்னவென்றால், எலியின் தொப்பி நம்முடையதைவிட நீளம். ஆனால் நம்மைவிடச் சுமார் 100 மடங்கு வேகமாகத் தேய்கிறது என்று 2019-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். நீளம் பெரிதல்ல, தேய்மான வேகம்தான் பெரிது. (அந்தத் தொப்பியை நீட்டித் தரும் காயகற்ப லேகியம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், விற்பவர் என்னைப் போல் சித்த வைத்தியரே ஆனாலும்.)

இதில் நட்சத்திரத்துக்கு எங்கே இடம்? கடைசி வாரங்களில்தான் குழந்தையின் நுரையீரலும் மூளையும் பக்குவப்படுகின்றன. காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன்பே சிசேரியன் செய்து எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். ஆயுசு கெட்டியாகட்டும் என்று நினைத்துக் குழந்தையை முதல் நாளே கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமா?

ரத்தக் கொதிப்பு, பனிக்குட நீர் குறைவு, அசைவு குறைவு என்று மகப்பேறு டாக்டர் சீக்கிரம் எடுக்கச் சொன்னால் அது வேறு. அங்கே தாமதம் கூடாது. யானையைப் பார்த்து நாமும் காத்திருப்போம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

"அப்போ ஜாதகம்?" என்றார் அந்த அம்மா.

"பிறந்த நேரத்தை வச்சுத்தானே எழுதுவாங்க? பிறக்கட்டும், அப்புறம் எழுதச் சொல்லுங்க" என்றேன்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மகள்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.